கொத்தும் புசலும் கிலோகிராமும்

கமக்காரர் வீட்டில் இன்றும் நெல் புசற் கணக்கிலேயே பேசப்படுகின்றது. உலையிலிடும் அரிசி சுண்டினால் அளக்கப்படுகின்றது. எரு கடகத்தாலும், பசளை கைக்கு அகப்பட்ட பழைய பேணியாலும் அள்ளப்படுகின்றன. ஆயின் அதே நெல் விற்பனைக்குச் செல்லும்போது தராசில் ஏறுகின்றது. விலை கிலோகிராமுக்கே கூறப்படுகின்றது. விவசாயப் போதனாசிரியர் தரும் ஆலோசனையும் ஹெக்டேயருக்கு இத்தனை கிலோகிராம் என்றே அமைகின்றது. ஆகவே முகத்தல் அளவையை நிறுத்தல் அளவையாக மாற்றும் கணக்கொன்று எப்போகத்திலும் பலமுறை செய்யப்பட வேண்டியதாகின்றது. அக்கணக்கைச் செய்பவர் பெரும்பாலும் கமக்காரர் அல்லர். நெல்லை வாங்குபவரோ, ஆலைக்காரரோ, பசளை விற்பவரோ ஆவர். கணக்கு மற்றவர் கையில் இருக்கும்வரை அதிலுள்ள பிழையால் வரும் நட்டம் உங்களுடையதே. இத்துண்டுப் பிரசுரம் அக்கணக்கை உங்கள் கையிற் தருவதற்காக எழுதப்பட்டது.

பழைய அளவைகள்

1948 ஆம் ஆண்டில் உத்தரவாத விலைத் திட்டம் ஆரம்பிக்கப்பட்டபோது நெல்லின் விலை புசலுக்கு இத்தனை ரூபா என்றே குறிக்கப்பட்டது. 1970களில் இலங்கை மெற்றிக் முறைக்கு மாறிய பின்னர் சட்டத்தில் புசலுக்கு இடமில்லாது போயிற்று. எனினும் வாய்ப்பேச்சில் அது நிலைத்துவிட்டது. "ஏக்கருக்கு நூறு புசல் கண்டேன்" என்று சொல்லும் கமக்காரரை எந்த மாவட்டத்திலும் காணலாம்.

ஒரு புசல் என்பது எட்டுக் கலன் கொள்ளும் இடம். அஃதாவது 36.37 இலீற்றர். ஒரு புசலில் 32 கொத்து உண்டு. எனவே ஒரு கொத்து 1.14 இலீற்றர் ஆகும். கொத்தின் காற்பங்கே சுண்டு. பால் பேணி ஒன்று ஏறக்குறைய ஒரு சுண்டு கொள்ளுமென்று பெண்கள் கணக்கிடுவதில் பெரிய பிழையில்லை.

இவையெல்லாம் இடத்தின் அளவுகளே. இவ்விடத்தை நிரப்பும் பொருளுக்கேற்ப நிறை மாறும். ஒரு புசல் நெல் 46 இறாத்தல் என்று கொள்வது இலங்கையின் நெடுநாள் வழக்கம். ஓர் இறாத்தல் 454 கிராம் ஆகையால் இது 20.87 கிலோகிராம் ஆகும். அதே புசலில் அரிசியை நிரப்பினால் 64 இறாத்தல், அல்லது 29 கிலோகிராம், கொள்ளும். பங்கீட்டுக் காலத்தில் ஒரு கொத்து அரிசியை இரண்டு இறாத்தல் என்று கொடுத்தது இக்கணக்கின்படியே. நெல்லில் உமி இடத்தைப் பிடித்துக்கொள்கின்றது. மணிகளுக்கிடையே காற்றும் அதிகம். அதனாலேயே ஒரு கொத்து நெல் 650 கிராம் மட்டுமே நிற்க, ஒரு கொத்து அரிசி 900 கிராமுக்குச் சற்று மேலே நிற்கின்றது.

புசலைச் சிலர் 20 கிலோகிராம் என்றும், வேறு சிலர் 21 கிலோகிராம் என்றும் கணிக்கின்றனர். சிறு வித்தியாசமாகத் தோன்றும். நூறு புசல் நெல்லுக்கு 20 என்ற கணக்கை எடுத்தால் 2,000 கிலோகிராம், 20.87 என்ற கணக்கை எடுத்தால் 2,087 கிலோகிராம். இடையிலுள்ள 87 கிலோகிராம் நான்கு புசலுக்கு மேற்பட்ட நெல்லாகும். ஆகையால் விலை பேசும்போது புசலைப் பேச்சிலிருந்து நீக்கிவிட்டுக் கிலோகிராமில் மாத்திரம் பேசுங்கள். மூடைக் கணக்கும் இதைப் போன்றதே. மூடையின் கொள்ளளவு ஊருக்கு ஊர் வேறுபடும். மூடைக்கு விலை பேசுபவருக்கு இலாபம் எப்பக்கத்தில் என்பது முன்னரே தெரியும். நிறுக்கும்போது சாக்கின் நிறையையும் மறவாதீர். சணற்சாக்கு ஒன்று ஒரு கிலோகிராம் வரை நிற்கும்; பின்னற் பிளாத்திக்குப் பை அதிலும் மிகக் குறைந்த நிறையுடையது. சணற்சாக்குக்குக் கழிக்கும் கழிவைப் பிளாத்திக்குப் பைக்குக் கழிக்க இடங்கொடுக்க வேண்டியதில்லை.

விளைச்சலை ஒப்பிட விரும்புபவர் பின்வருவதை நினைவிற் கொள்ளலாம். ஏக்கருக்கு 100 புசல் என்பது ஹெக்டேயருக்கு ஏறத்தாழ 5.15 மெற்றிக் தொன்.

ஒரே புசல், வெவ்வேறு நிறை

46 இறாத்தல் என்பது நன்கு காய்ந்து, நன்கு தூற்றப்பட்ட, நடுத்தர மணியுடைய நெல்லுக்குரிய சராசரி. உங்கள் நெல் அவ்வளவே நிற்குமென்பது கட்டாயமன்று. நெல்லினங்களுக்குத் திணைக்களம் தரும் விவரங்களிற் புசல் நிறை தனியே குறிக்கப்படுவதும் இனத்துக்கு இனம் அது வேறுபடுவதனாலேயே.

இனத்தை விடப் பெரிய காரணங்கள் மூன்று உண்டு. முதலாவது பதர். பதர் இடத்தை நிரப்பும், நிறையைத் தராது. பதர் மிகுந்த புசல் 46 இறாத்தலை எட்டாது. நோயினாலோ, பூக்கும் காலத்து வரட்சியினாலோ சப்பியாய்ப்போன நெல்லைப் புசலால் அளந்து "விளைச்சல் குறையவில்லை" என்று ஏமாறுவதுமுண்டு.

இரண்டாவது, அளக்கும் கை. புசற் பெட்டியில் நெல்லை மெல்லச் சொரிந்து தலைதட்டினால் ஒரு நிறை. சொரிந்தபின் இருமுறை தட்டிக் குலுக்கி, மீண்டும் நிரப்பித் தலைதட்டினால் வேறொரு நிறை. கூம்பலாக விட்டால் இன்னொரு நிறை. இதனை அறிய ஆய்வுகூடம் வேண்டியதில்லை. ஒரு கொத்தை எடுத்து இம்மூன்று விதமாகவும் நிரப்பி நிறுத்துப் பாருங்கள். கூலி நெல்லைக் கூம்பலாகக் கொடுத்து, கடன் நெல்லைத் தலைதட்டி வாங்கிய அந்நாளைய வழக்குகளில் எத்தனை பிணக்குகள் இதனால் எழுந்தன என்பதை வயது முதிர்ந்தோர் அறிவர்.

மூன்றாவது, ஈரம். இதுவே இன்று பணத்தை மிகுதியாகத் தின்பது. ஆகையால் இதனைச் சற்று விரிவாகக் கூறுகின்றோம்.

ஈரத்துக்குரிய நியாயமான கழிவு

இயந்திரத்தால் அறுத்த நெல் வயலிலிருந்து வரும்போது நூற்றுக்கு 20 பங்கு அல்லது அதற்கு மேலும் நீரைக் கொண்டிருக்கலாம். களஞ்சியத்தில் வைப்பதற்கு ஏற்ற ஈரப்பதன் நூற்றுக்கு 14. நெல் சந்தைப்படுத்தும் சபையும் 14 ஐயே மேலெல்லையாகக் கொள்கின்றது. ஈர நெல்லை விற்பவர் தண்ணீரையும் நெல்லின் விலைக்கு விற்க முடியாது. வாங்குபவர் கழிவு கேட்பது நியாயமே. ஆயின் எவ்வளவு கழிவு நியாயம் என்பதே கேள்வி.

கணக்கு இலகுவானது. நெல்லைக் காயவைக்கும்போது நீர் மட்டும் போகின்றது. உலர்ந்த பொருள் அப்படியே இருக்கின்றது. நூற்றுக்கு 20 ஈரமுள்ள 100 கிலோகிராம் நெல்லில் உலர்ந்த பொருள் 80 கிலோகிராம். அதே நெல் 14 ஈரத்துக்கு வரும்போது அந்த 80 கிலோகிராமும் மொத்தத்தில் நூற்றுக்கு 86 பங்காக நிற்கும். 80 ஐ 86 ஆற் பிரித்து 100 ஆற் பெருக்கினால் 93 கிலோகிராம் வரும். எனவே நியாயமான கழிவு 7 கிலோகிராம். ஆறு கிலோகிராம் என்று பலர் கருதுவர், அதுவும் சரியன்று. உண்மையை உங்களுக்குச் சாதகமாகவும் வளைக்கக் கூடாது.

இதனை 60 கிலோகிராம் நிற்கும் மூடைக்கு மாற்றினால் நினைவில் வைக்கத்தக்க ஒரு விதி கிடைக்கின்றது. 14 க்கு மேற்பட்ட ஒவ்வோர் ஈரப் பங்குக்கும் மூடைக்கு 700 கிராம் கழியும். 16 ஈரமானால் 1.4 கிலோகிராம், 18 ஆனால் 2.8 கிலோகிராம், 20 ஆனால் 4.2 கிலோகிராம். ஈரமானியைப் பாராமலே "மூடைக்கு மூன்று கிலோ கழிவு" என்று கூறப்படும் இடத்தில், உங்கள் நெல் 14 ஈரத்துக்குக் காய்ந்ததாயின், அம்மூன்று கிலோவுக்கும் நியாயமே இல்லை. நூறு மூடையில் அது 300 கிலோகிராம், அஃதாவது 14 புசலுக்கு மேல். ஓர் ஏக்கரின் விளைச்சலில் ஏழிலொரு பங்கு இவ்விதம் வாயாற் கழிக்கப்பட்டுவிடும். கிலோகிராமின் விலை இன்று எவ்வளவோ, அதனாற் பெருக்கிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஈரமானி உங்களிடம் இல்லாவிடின், விற்கக் கொண்டுசெல்லுமுன் வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். நன்கு உலர்ந்த கண்ணாடிப் போத்தல் ஒன்றை எடுத்து, அதன் மூன்றிலொரு பங்குக்கு நெல்லை இடுங்கள். வெயிலிலோ சட்டியிலோ வறட்டிய உப்புத் தூளிற் சில கரண்டி சேர்த்து, மூடி, சில நிமிடங்கள் குலுக்கிவிட்டு வைத்துப் பாருங்கள். உப்பு போத்தலின் சுவரில் ஒட்டிக்கொண்டால் ஈரம் நூற்றுக்கு 15 க்கு மேல் உள்ளது. ஒட்டாது அடியில் உதிர்ந்து கிடந்தால் நெல் காய்ந்துவிட்டது. இச்சோதனை 17 க்கும் 19 க்கும் வேறுபாடு காட்டாது; காய்ந்ததா காயாததா என்பதை மட்டும் காட்டும். பேரம் பேசுவதற்கு அவ்வளவே பெரிதும் போதும்.

அளவுக்கு மிஞ்சிக் காயவைப்பதும் நட்டமே. 12 ஈரத்துக்குக் காய்ந்த 60 கிலோகிராம் நெல், 14 ஈரத்தில் 61.4 கிலோகிராம் நின்றிருக்கும். மூடைக்கு 1.4 கிலோகிராம் நீங்களாகவே வெயிலுக்குக் கொடுத்துவிட்டீர்கள். அத்துடன் கடும் வெயிலில் மணி வெடித்து ஆலையில் நொய்யாகும். விதைநெல்லை மாத்திரம் 13 அல்லது 12 வரை காயவைத்தல் வேண்டும்.

ஆலையில்

நெல்லுக்குப் பாதி அரிசி என்பது நம்மவரின் பழங்கணக்கு. இது முகத்தல் அளவைக்கு உரியது. அங்கே ஏறத்தாழச் சரியானதுமாம். ஒரு புசல் நெல்லைக் குற்றினால் 15 கொத்து அளவில் அரிசி வரும். ஆயின் இதே பாதிக் கணக்கைத் தராசுக்குக் கொண்டுவருவது பெரும் பிழை. ஒரு புசல் நெல் 20.87 கிலோகிராம். நூற்றுக்கு 65 அரிசி விழுமாயின் 13.5 கிலோகிராம் கிடைக்க வேண்டும். "பாதி" என்று 10.4 கிலோகிராமைப் பெற்றுக்கொண்டு திரும்பினால் புசலுக்கு மூன்று கிலோகிராம் ஆலையிலேயே நின்றுவிட்டது. வீட்டுத் தேவைக்குப் பத்துப் புசல் குற்றும் குடும்பம் இவ்வாறு 31 கிலோகிராம் அரிசியை இழக்கும்.

நெல் பழுதானாலும், மிகக் காய்ந்திருந்தாலும், ஆலையின் உருளை தேய்ந்திருந்தாலும் 65 விழாது. 60 க்குங் குறையலாம். அதனாற்றான் ஆலைக்குச் செல்லுமுன் நெல்லை நிறுத்துக் குறித்துக்கொண்டு, அரிசியையும் நொய்யையும் தனித்தனியே நிறுத்துக் கேட்கவேண்டும். தவிட்டையும் கேளுங்கள், மாட்டுக்கும் கோழிக்கும் அது உங்களுடையது.

விதைநெல்

வீசி விதைப்பதற்கு ஏக்கருக்கு இரண்டு புசல், அஃதாவது ஹெக்டேயருக்கு ஏறத்தாழ 100 கிலோகிராம், போதுமானது. நாற்று நடுவதற்கு இதிற் பாதி போதும். இவ்வளவுகள் உலர்ந்த, தூற்றிய விதைநெல்லுக்கு உரியன. ஊறவைத்த நெல் நீரை உறிஞ்சிப் பருத்திருக்கும். முளைகட்டிய நெல் இன்னும் இடங்கொள்ளும். ஊறிய பின் புசலால் அளந்து விதைப்பவர் குறைந்த விதையையே வயலில் இடுகின்றார். அளப்பதையும் நிறுப்பதையும் ஊறவைக்கும் முன்னரே செய்துவிடல் வேண்டும்.

விதையைப் பொறுத்தவரை நிறையும் முழு உண்மையைச் சொல்லிவிடாது. வயலுக்கு வேண்டியது மணிகளின் எண்ணிக்கை. ஆயிரம் மணி 25 கிராம் நிற்கும் நெல்லில் ஒரு கிலோகிராமில் 40,000 மணிகள் உண்டு. ஆயிரம் மணி 15 கிராம் மாத்திரம் நிற்கும் நுண்மணிச் சம்பாவில் அதே கிலோகிராமில் 66,000 க்கு மேற்பட்ட மணிகள் உண்டு. நாட்டரிசி நெல்லுக்கு விதைத்த நிறையையே சிறுமணிச் சம்பாவுக்கும் விதைத்தால் பயிர் நெருங்கி, மடிந்து, நோய்க்கும் இடங்கொடுக்கும். சிறுமணி நெல்லுக்கு விதையின் நிறையைக் குறைப்பது சிக்கனத்துக்காக அன்று, பயிரின் நன்மைக்காகவே.

பேணியும் பசளையும்

நெல்லில் ஏற்படும் பிழை பணத்தை இழக்கச் செய்யும். பசளையில் ஏற்படும் பிழை பணத்தையும் பயிரையும் ஒருங்கே கெடுக்கும். மரக்கறித் தோட்டங்களில் இது மிகச் சாதாரணமாக நிகழ்கின்றது.

ஒரே பேணியால் யூரியாவையும், முச்சுப்பர் பொசுபேற்றையும், மியூறியேற்றுப் பொற்றாசையும் அள்ளி, மூன்றும் ஒரே நிறை என்று கருதுபவர் பலர். ஓர் இலீற்றர் கொள்ளும் பேணியில் யூரியா ஏறத்தாழ 750 கிராம் மாத்திரமே கொள்ளும். அதே பேணியில் முச்சுப்பர் பொசுபேற்றும் பொற்றாசும் ஒரு கிலோகிராமும் அதற்குச் சற்று மேலும் கொள்ளும். ஆகவே பேணிக்குப் பேணி சமமாக இடுபவர், தாம் எண்ணியதிலும் காற்பங்கு குறைந்த யூரியாவை இடுகின்றார். இலை வெளிறுவதைக் கண்டபின் மனம்போனவாறு யூரியாவைக் கூட்டுகின்றார். கத்தரியும் மிளகாயும் தழைத்து நிற்கும். பூவும் காயும் குறையும்.

ஓர் உதாரணம் பார்ப்போம். ஒரு முறை இடுவதற்கு ஹெக்டேயருக்கு 50 கிலோகிராம் யூரியா என்று உங்கள் போதனாசிரியர் கூறியுள்ளார் என்று கொள்வோம். ஒரு ஹெக்டேயர் ஏறத்தாழ இரண்டரை ஏக்கர். எனவே ஏக்கருக்கு 20 கிலோகிராம். தோட்ட நிலத்தில் ஓர் ஏக்கர் 16 பரப்பு; ஆகையாற் பரப்புக்கு 1.25 கிலோகிராம். பேணியில் 750 கிராம் கொள்ளுமாயின் ஒன்றே முக்காலுக்குச் சற்றுக் குறைந்த அளவு, அஃதாவது ஒரு பேணியும் அடுத்த பேணியில் மூன்றில் இரண்டு பங்கும் இடவேண்டும். குறுக்குவழி வேண்டுமாயின், ஹெக்டேயருக்குக் கூறிய கிலோகிராமை 40 ஆற் பிரித்தாற் பரப்புக்குரிய அளவு கிடைக்கும்.

இங்கே ஒரு பொறியும் உண்டு. வடபகுதியிற் தோட்ட நிலத்தை ஏக்கருக்கு 16 பரப்பு என்றும், நெல்வயலை ஏக்கருக்கு 24 பரப்பு என்றும் கணிக்கும் வழக்கம் இருக்கின்றது. தோட்டப் பரப்புக்குச் சொன்ன பசளையை வயற் பரப்புக்கு இட்டால் ஒன்றரை மடங்கு விழுந்துவிடும். "பரப்புக்கு எவ்வளவு?" என்று கேட்பதற்கு முன் எந்தப் பரப்பு என்பதைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். அந்தர் என்ற சொல்லும் இவ்வாறானதே. பழைய அந்தர் 112 இறாத்தல், அதாவது 50.8 கிலோகிராம். இன்று 50 கிலோகிராம் பசளைப் பையையும், 50 கிலோகிராம் வெங்காயத்தையும் அந்தர் என்றே வழங்குகின்றோம். பத்து அந்தர் வெங்காயத்தில் 8 கிலோகிராம் வித்தியாசம் வரும். விற்பவர் எந்த அந்தரில் விலை சொல்கின்றார் என்று கேட்பதில் வெட்கம் வேண்டியதில்லை.

எருவுக்கு இவ்வளவு நுணுக்கம் வேண்டியதில்லை. மரக்கறிக்கு ஹெக்டேயருக்கு 10 மெற்றிக் தொன் என்றால், மேற்கூறிய விதிப்படி தோட்டப் பரப்புக்கு 250 கிலோகிராம். உங்கள் வீட்டுக் கடகத்தில் ஒருமுறை உக்கிய எருவை நிரப்பி நிறுத்துக்கொள்ளுங்கள். அது 12 கிலோகிராம் நின்றாற் பரப்புக்கு 21 கடகம். மழையில் நனைந்த எருவானால் இரண்டு மூன்று கடகம் கூட்டிக்கொள்ளலாம்.

பீடைநாசினியை மாத்திரம் இந்தப் பேணி முறையால் அளக்கவே கூடாது. போத்தல் மூடியாலும் தேக்கரண்டியாலும் அளப்பது ஆபத்து. சிட்டையில் மில்லிலீற்றர் என்றிருந்தால் மில்லிலீற்றர் குறித்த அளவுக் கிண்ணத்தாலும், கிராம் என்றிருந்தால் தராசாலும் மட்டுமே அளக்கவேண்டும். ஒரு மில்லிலீற்றர் ஒரு கிராம் என்பது தண்ணீருக்கே பொருந்தும்.

உங்கள் பேணியின் எண்ணை அறிதல்

தண்ணீரின் இக்குணத்தை வேறோரிடத்தில் நன்கு பயன்படுத்தலாம். எந்தப் பேணியின் கொள்ளளவையும் அறிய, அதனை வெறுமையாக நிறுத்துக் குறித்துக்கொண்டு, விளிம்புவரை தண்ணீர் நிரப்பி மீண்டும் நிறுங்கள். கூடிய நிறை எத்தனை கிலோகிராமோ அத்தனை இலீற்றர் அப்பேணி கொள்ளும். பின்னர் பேணியை நன்கு உலர்த்தி, அளக்க விரும்பும் பொருளைக் குலுக்காது சொரிந்து, நேரான தடியொன்றாற் தலைதட்டி நிறுங்கள். மூன்றுமுறை செய்து சராசரியை எடுத்துக்கொள்ளுங்கள். நெல்லுக்கு ஓர் எண், யூரியாவுக்கு ஓர் எண், பொற்றாசுக்கு ஓர் எண் என்று பேணியின் வெளிப்புறத்தில் மையால் எழுதிவிடுங்கள். ஒருநாள் மாலைப்பொழுது இதற்குப் போதும். பின்பு எப்பொழுதும் அதே விதமாகவே நிரப்புங்கள். இன்று தலைதட்டி, நாளை கூம்பலாக நிரப்பினால் எழுதிய எண் பயன்படாது. பசளைப் பேணி ஒருபோதும் அடுப்படிக்குத் திரும்பக் கூடாது.

அடுப்படியில்

சமையலில் அரிசியைச் சுண்டால் அளப்பதை மாற்றவேண்டிய அவசியமில்லை. அரிசிக்கும் தண்ணீருக்கும் ஒரே சுண்டு பயன்படும்வரை சோறு கெடாது. ஒரு சுண்டு அரிசி ஏறத்தாழ 225 கிராம் என்று அறிந்திருந்தால், மாதத்துக்கு எத்தனை கிலோகிராம் குற்றவேண்டும் என்பதைக் கணித்துக்கொள்ளலாம். நாளுக்கு நான்கு சுண்டு சமைக்கும் வீட்டுக்கு மாதம் 27 கிலோகிராம் அரிசி வேண்டும். அதாவது இரண்டு புசல் நெல்.

மாவு வேறு. அரித்து மெல்லச் சொரிந்த மாவுக்கும், பையிலிருந்து அழுத்தி அள்ளிய மாவுக்கும் ஒரே கோப்பையிற் காற்பங்கு வரை நிறை வேறுபடலாம். இடியப்பத்துக்குக் கை பழகிவிடும். விற்பனைக்குப் பலகாரம் செய்பவருக்குப் பழக்கம் போதாது, தராசு வேண்டும். தேங்காயெண்ணெய் தண்ணீரிலும் இலேசானது. ஓர் இலீற்றர் எண்ணெய் 920 கிராமளவே நிற்கும். 750 மில்லிலீற்றர்ப் போத்தல் 690 கிராம். ஒரு கடையிற் கிலோகிராமுக்கும் மற்றக் கடையில் இலீற்றருக்கும் ஒரே விலை கூறப்பட்டாற் கிலோகிராமே உங்களுக்கு இலாபம்.

சந்தையில் விலைபோகாத மாம்பழத்தையும் பப்பாசியையும் ஜாமாக்கும் வீடுகளில் அளவைப் பிழை மிகவும் விளங்கித் தெரியும். பழக்கூழும் சீனியும் நிறைக்கு நிறை சமமாக இடுவது வழக்கமான முறை. கோப்பைக்குக் கோப்பை இடுபவர் சமமாக இடவில்லை. ஓர் இலீற்றர்ப் பழக்கூழ் ஒரு கிலோகிராமுக்குச் சற்று மேல் நிற்கும். ஓர் இலீற்றர்ச் சீனியோ 850 கிராமளவே நிற்கும். பழத்தைக் காப்பது சீனியே. அது ஆறிலொரு பங்கு குறைந்த ஜாம், போதிய அளவு வற்றாவிடின், சில வாரங்களிற் பூஞ்சணம் பிடிக்கும். கோப்பையன்றி வேறு வழியில்லையாயின் ஐந்து கோப்பைப் பழக்கூழுக்கு ஆறு கோப்பைச் சீனி இடுங்கள். ஊறுகாய்க்கு உப்பிடும்போதும் கல்லுப்பையும் தூளுப்பையும் ஒரே கோப்பையால் மாற்றி மாற்றி அளக்க வேண்டாம். கல்லுப்பின் இடைவெளிகளிற் காற்று நிற்கும். கோப்பைக்கு நிறை குறையும்.

தராசு

வியாபாரத்துக்குப் பயன்படும் தராசும் படிக்கற்களும் சோதிக்கப்பட்டு முத்திரை இடப்பட்டிருத்தல் வேண்டும். 1995 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டம் இதற்குரியது. வயலோரத்துக்கு லொறியிற் கொண்டுவரப்படும் தராசும் இதற்கு விலக்கன்று. நிறுக்கத் தொடங்குமுன் முத்திரையைக் காட்டும்படி கேளுங்கள்; வெறுந் தராசு பூச்சியத்தில் நிற்கின்றதா என்றும் பாருங்கள். சந்தேகமிருப்பின் திறக்காத 50 கிலோகிராம் பசளைப் பையொன்றை ஏற்றிப் பார்க்கலாம். பையின் நிறையும் சேர்ந்து 50 க்குச் சற்று மேலே காட்டவேண்டும். மின்கலத்தில் இயங்கும் தராசாயின் சமதரையில் வைத்து, நாளிற் பல முறை பூச்சியத்தைச் சரிபார்த்துக்கொள்ளுதல் நன்று. ஒவ்வொரு மூடையின் நிறையையும் உங்கள் வீட்டார் ஒருவர் தனியே எழுதிக்கொள்ளட்டும். மொத்தத்தை வாங்குபவர் கூட்டிச் சொல்லுமுன் நீங்கள் கூட்டி முடித்திருக்க வேண்டும்.